வாசலுக்கு மட்டும் வாழை

வாழை விவசாயியின் கண்ணீரைத் துடைக்கவென்று, ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலம் இறங்கினால் வரும் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கட்டடம் எழும்பியது. ஒருங்கிணைந்த வாழை உற்பத்தியாளர் சந்தை வாய்ப்பு மேம்பாட்டு மையம் என்று அதற்குப் பெயர். இவ்வளவு நீளப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும் என்பதால், பஸ் கண்டக்டர்கள் ‘வாழை ஆபீஸ்’ என்று கூவி ஆளை இறக்கிவிட்டார்கள்.

மையத்தில் எல்லா வசதியும் உண்டு. ஏலக்கூடம் இருந்தது, அதில் கருத்தரங்குகள் நடந்தன. குளிர்பதனக் கிடங்கு இருந்தது, அதில் கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்கான தண்ணீர் பாட்டில்களும் ரோஜா மாலைகளும் வாடாமல் இருந்தன. காயைப் பழமாக்கும் அறை என்று ஒன்று இருந்தது, அதில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கட்டி முடித்து ஏழு வருடமாகியும் அங்கே ஒரு வாழைப்பழம்கூட விற்றதில்லை. அதை யாரும் குறையாகச் சொல்லவுமில்லை. விற்றுத் தொலைத்துவிட்டால் பிறகு எதைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவது?

கருத்தரங்கு என்றால் வாசலில் வாழை மரம் கட்ட வேண்டும். கல்யாண வீட்டுக்கே கட்டும்போது வாழை ஆபீஸுக்குக் கட்டாமல் முடியுமா? தாரோடும் இலையோடும் இரண்டு மரத்தை காந்தி மார்க்கெட்டிலிருந்து கான்ட்ராக்டர் கொண்டுவந்து கம்பத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவார். விழா முடிந்ததும் தாரை ஊழியர்கள் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவார்கள், மரத்தை மாடு தின்னும். மையத்துக்கும் வாழைக்கும் இருந்த உறவு ஏழு வருடமாக அவ்வளவுதான்.

இந்த உறவுக்குள் போய் மாட்டிக்கொண்டவர் திருவெள்ளறை வீரமலை. அரை ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தில் பூவன் போட்டிருந்தார். பூவன் தோட்டத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு மரம் மரமாகத் தார் முற்றிக்கொண்டு வரும், ஆனால் முற்றிய தாரைப் பத்து நாளுக்கு மேல் மரம் பொறுக்காது. அதற்குள் வெட்டி விற்றாக வேண்டும். தாரை வெட்டிய பிறகு தாய் மரத்தடியில் நிற்கும் பக்கக் கன்றை விட்டு வளர்த்தால் அடுத்த வருடத்துக்கும் விளைச்சல். அந்த வீட்டில் அடுப்பை எரிய வைத்ததும், பெண்ணை மண்ணச்சநல்லூரில் படிக்க வைத்ததும் இந்தத் தாயும் கன்றும்தான்.

வருடா வருடம் காந்தி மார்க்கெட் மண்டிக்காரர் ஷேக் தாவூது தோட்டத்துக்கே வந்து விலை பேசி வெட்டிக்கொண்டு போவார். தாவூது பாய் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை. நூறு தாருக்கு ஆறு தார் கழிவென்று இலவசமாக எடுத்துக்கொள்வார், நல்ல தாரைக் கண்டால் நாசூக்காக முகத்தைச் சுளிப்பார். ஆனால் வெட்டிய தாருக்குப் பணம் தருவார், வெட்டாத தாருக்குப் பாடம் நடத்த மாட்டார். இந்த வருடம் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, தார் ஒன்று நூற்றி இருபது ரூபாய்க்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டார்.

“எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல வெட்டுறாங்க வீரமலை. மண்டியில இறக்க இடம் இல்ல. இன்ஷா அல்லா, அடுத்த வாரம் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்.”

வீரமலைக்கு வயிறு எரிந்தது. உரத்துக்கும் முட்டுக் கொம்புக்கும் கொடுத்ததே அதற்குச் சரியாகப் போய்விடும். யோசித்துச் சொல்கிறேன் என்று பாயை அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலமே கழுத்தில் அடையாள அட்டை ஆட, பைக்கில் வந்து இறங்கினார் சுரேஷ்குமார். மையத்தில் சந்தை நுண்ணறிவு அலுவலர். சந்தைக்கே நுண்ணறிவு உண்டா என்று வீரமலை வியந்தபடி நாற்காலியை எடுத்துப் போட்டார்.

சுரேஷ்குமார் விவரம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவசரப்பட்டு விற்பதற்கு இடர்கால விற்பனை என்று பெயர் என்றார். இதுவரை வயிற்றெரிச்சல் என்று மட்டுமே தெரிந்திருந்த ஒன்றுக்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பது வீரமலைக்கு ஆறுதலாக இருந்தது. மையத்தில் சேர்ந்துவிட்டால் இடைத்தரகர் தொல்லை கிடையாது, செவ்வாய்க்கிழமை ஏலத்தில் நியாய விலை கண்டறியப்படும், அதுவரை வெளியாருக்கு ஒரு தார்கூட விற்கக் கூடாது, விற்றால் சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்கு மையம் சிபாரிசு செய்யாது என்று சொல்லி மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

அவர் போன பிறகு வீரமலையின் மனைவி பிரேமலதா வாசல் படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

“பாய் வந்தா பழத்த வாங்கிட்டுப் போறாரு. இவரு வந்து என்னத்தங்க வாங்கிட்டுப் போறாரு? கையெழுத்த.”

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் நாற்பது தார் வெட்டி, ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீரமலை மையத்துக்குப் போனார். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. காவலாளி செபஸ்தியான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். வாழைத்தார் என்றார் வீரமலை. அது தெரிகிறது, இங்கே எதற்கு என்றார் செபஸ்தியான். ஏலத்துக்கு என்றதும் அவருக்கே பாவமாகப் போய்விட்டது.

“ஏலம் விடலைங்க. இன்னைக்கு ஏலத்தப் பத்திப் பேசுறாங்க.”

கருத்தரங்கின் தலைப்பு ‘ஏலமும் எதிர்காலமும்’. முதல் வரிசையில் விவசாயி என்று எழுதி ஒட்டியிருந்த நாற்காலி காலியாக இருந்ததால், சுரேஷ்குமார் வீரமலையின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதில் உட்கார வைத்தார். போட்டோவுக்கு ஒரு விவசாயி வேண்டும் என்று இயக்குநர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். வெளியே குட்டியானை டிரைவர் காத்திருப்புக் கூலி ஏறுகிறது என்று போன் அடித்துக்கொண்டே இருந்தான்.

மையத்தின் இயக்குநர் முனைவர் செந்தமிழன். கே.கே. நகர்வாசி. வாழை விலையின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவர் ஆராய ஆரம்பித்தபோது விலை எங்கே இருந்ததோ அங்கேயேதான் பட்டம் வாங்கியபோதும் இருந்தது என்றாலும், அவர் மட்டும் ஏறிக்கொண்டே வந்திருந்தார். மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

“விவசாயிகள் ஒரு தவறு செய்கிறார்கள். கிடைப்பதுதான் விலை என்று நினைக்கிறார்கள். கிடைப்பது விலை அல்ல, கிடைக்க வேண்டியதுதான் விலை. அதை நாங்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். அதை யார் கொடுப்பது என்பது வேறு துறை.”

கூடம் கை தட்டியது. நமக்காகத்தான் பேசுகிறார் என்று வீரமலையும் தட்டினார்.

வண்டியிலிருந்த தார்களை மேடையின் முன்னால் வரிசையாக அடுக்கி வைக்கச் சொன்னார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் வந்திருந்த விருந்தினர்கள் ஆளுக்கொரு தாரை மாதிரி என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். தலைமை விருந்தினருக்கு இரண்டு மாதிரி. மீதித் தார்களைச் சீப்பாக அறுத்துத் தரம்பிரிப்பு இயந்திரத்தில் போட்டார்கள். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த இயந்திரம் அது. ஏற்றுமதித் தரம், உள்நாட்டுத் தரம், கழிவு என்று மூன்று கூடை. வீரமலையின் பழம் முழுவதும் மூன்றாவது கூடையில் விழுந்தது. இயந்திரத்தின் மேல் தப்பில்லை. கப்பலில் போகும் நீளமான வாழைக்கு அளவு கொடுத்து வாங்கியதை அது ஒழுங்காகச் செய்தது.

“நீளம் பத்தலைங்க,” என்றார் சுரேஷ்குமார்.

“பூவன் அவ்வளவுதாங்க சார் வளரும்.”

“அதத்தான் நானும் சொல்றேன். உங்க ரகத்துலயே பிரச்னை இருக்கு.”

சரி, கழிவாகவே இருக்கட்டும், வாங்குகிறவர்கள் எங்கே என்று வீரமலை கேட்டார். பதிவு செய்த கொள்முதலாளர்கள் மட்டும்தான் வாங்கலாம் என்றார்கள். பதிவு செய்தவர்கள் யார் என்றால் யாரும் இல்லை. ஏனென்றால் பதிவு செய்ய வேண்டுமானால் இதே மையத்தில் ஏற்கெனவே கொள்முதல் செய்த அனுபவம் இருக்க வேண்டும். தாவூது பாய்கூட ஒரு முறை வந்து கேட்டிருக்கிறார். அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பியதோடு, இடைத்தரகர் உள்ளே வரக் கூடாது என்று கண்டித்தும் அனுப்பினார்களாம். இடைத்தரகரை ஒழிப்பதுதான் மையத்தின் முதல் குறிக்கோள். அதில் அது முழு வெற்றி கண்டிருந்தது. இடைத்தரகர் ஒருவரும் வரவில்லை. வாங்குகிறவர்களும் வரவில்லை, இரண்டும் ஒரே ஆள் என்பதை யாரும் மையத்துக்குச் சொல்லவில்லை.

கழிவென்று பதிவானதைத் திருப்பித் தர விதியில்லை என்றதால் வெறும் வண்டியோடு வீரமலை வீடு திரும்பினார். தோட்டத்தில் மீதித் தார்கள் முற்றிக்கொண்டிருந்தன. அணிலும் வௌவாலும் மட்டும் எந்தப் பதிவும் செய்யாமல் வந்து எடுத்துக்கொண்டு போயின.  நாற்பது தார் போனது போகட்டும், மீதியைப் பாயிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, மறுநாள் காலை கையெழுத்தைத் திருப்பிக் கேட்க மையத்துக்குப் போனார்.

சுரேஷ்குமார் அவரை உட்கார வைத்து விலை முன்னறிவிப்பைக் காட்டினார். பூவன் விலை கணிசமாக உயரும் என்று அச்சாகியிருந்தது. எப்போது என்று வீரமலை கேட்டார். ஜனவரியில் உயரும் என்று சுரேஷ்குமார் தாளைப் பார்த்துச் சொன்னார். இது ஜூன் மாதம் என்று வீரமலை நினைவுபடுத்தினார். முன்னறிவிப்பு சரியான நேரத்தில்தான் எழுதப்பட்டது, ஒப்புதலாகி வரத் தாமதம், அறிவிப்பில் பிழையில்லை என்று சுரேஷ்குமார் விளக்கினார்.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இயக்குநர் அறையிலிருந்து சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் ஒரு கருத்தரங்கு. காந்தி மார்க்கெட்டிலிருந்து வர வேண்டிய வாழை மரம் வரவில்லை. பழைய பில் பாஸாகாமல் இனி ஒரு மரமும் இறக்க மாட்டேன் என்று கான்ட்ராக்டர் போனை வைத்துவிட்டாராம். தலைமை விருந்தினர் புதுக்கோட்டை தாண்டிவிட்டார். மொட்டை வாசலோடு அவரை எப்படி வரவேற்பது? வெளியே வந்த செந்தமிழன் கண்ணில் வீரமலை பட்டார்.

“உங்க தோட்டத்துல தாரோட மரம் இருக்கா?”

“அது மட்டுந்தாங்க இருக்கு.”

இரண்டு மரம், மரத்துக்கு நானூறு ரூபாய், கையில் ரொக்கம். வீரமலை விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பாய் சொன்ன விலையைப் போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டுக்கு வந்து பிரேமலதா கையில் பணத்தைக் கொடுத்தபோது, நீ சொன்னது தப்பு பார்த்தாயா என்று ஒரு பார்வையும் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அன்றைக்கு அவருக்குப் பேராசை பிடித்துவிட்டது. மீதி மரத்தையெல்லாம் மனதுக்குள் நானூறால் பெருக்கிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மையத்தில் அதைவிடப் பெரிய கிளர்ச்சி. ஏழு வருடத்தில் முதன்முறையாக ஒரு விவசாயியிடமிருந்து நேரடியாக வாங்கியிருக்கிறார்கள். இடையில் ஒரு தரகனும் இல்லை. இதைக் கொண்டாடாமல் விடலாமா? முதல் நேரடிக் கொள்முதல் வெற்றி விழா என்று அடுத்த வாரமே தேதி குறித்தார்கள். வெற்றி விழாவுக்கு வாசலில் இரண்டு மரம் போதாது என்று எட்டு மரம் கேட்டார்கள். அந்த எட்டு மரத்தை வாங்கியது கொள்முதலில் நான்கு மடங்கு வளர்ச்சி என்று தெரியவந்ததும், வளர்ச்சிக்கு ஒரு விழா எடுத்தார்கள். அதற்கு நெடுஞ்சாலையிலிருந்து கூடம் வரை இரண்டு பக்கமும் மரம்.

ஒரே ஒரு நிபந்தனை. மரத்தை அடியில் வெட்டக் கூடாது, கிழங்கோடு தோண்டி எடுத்து வர வேண்டும். வேரிலிருந்து பழம் வரை மதிப்புச் சங்கிலி முழுவதும் விருந்தினர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். வீரமலை கையெடுத்துக் கும்பிட்டார்.

“கிழங்கத் தோண்டுனா பக்கக் கன்னும் சேந்து போயிடுங்க சார். அடுத்த வருசத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

சுரேஷ்குமார் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

“அடுத்த வருச விளைச்சல் உற்பத்தித் துறைங்க. நாங்க சந்தைப்படுத்தல்.”

வீரமலை தோட்டத்துக்கு வந்து கடப்பாரையோடு வெகுநேரம் நின்றார். தார் ஒன்றிரண்டு மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. தோண்டாவிட்டால் தார் போகும், தோண்டினால் கன்று போகும். கையெழுத்தை மீறிப் பாயிடம் போனால் மானியம் போகும். நானூறு ரூபாய் நினைவுக்கு வந்தது. தோண்டினார்.

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் மையத்தின் ஆண்டறிக்கை நம்பியது. பயிலரங்கம் என்றார்கள், மரம் போனது. கண்காட்சி என்றார்கள், மரம் போனது. வாழை மாதம் என்று ஒரு மாதத்தையே பிடித்துக்கொண்டு வாசல், மேடை, சாப்பாட்டுக் கூடம், கழிப்பறைக்குப் போகும் வழி என்று எல்லா இடத்திலும் மரம் கட்டினார்கள். விழா முடிந்ததும் ஊழியர்கள் தாரைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். படுத்துக் கிடக்கும் தாரைவிட நிமிர்த்திக் கட்டிய தாருக்கு மும்மடங்கு விலை என்பதைச் செந்தமிழன் கண்டுபிடித்து, அதை மதிப்புக் கூட்டல் என்று கட்டுரை எழுதி ஹைதராபாத்தில் போய் வாசித்துவிட்டு வந்தார். திரும்பி வந்ததும் மாவட்டத்து வாழை விவசாயிகள் எல்லோரும் இனி வாசலுக்கென்றே வாழை போட வேண்டும் என்று ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். அந்த முகாமுக்கும் மரம் வீரமலை தோட்டத்திலிருந்துதான் போனது.

பணம் முதல் மூன்று விழாவோடு நின்றுவிட்டது, பிறகு போன மரமெல்லாம் அடுத்த விழாவில் சேர்த்துத் தருவதாகச் சொன்ன பாக்கி. அலங்காரத் தலைப்பில் நிதி தீர்ந்துவிட்டதாம். கொள்முதல் தலைப்பில் நிதி கோடிக்கணக்கில் தொடாமல் கிடக்கிறது, அதிலிருந்து கொடுக்க முடியாதா என்று வீரமலை கேட்டார். வாசலில் கட்டுவது எப்படிக் கொள்முதலாகும், அது அலங்காரம் அல்லவா என்று கணக்குப் பிரிவில் சிரித்தார்கள். மேடையில் கொள்முதல் என்றுதானே சொன்னீர்கள் என்றதற்கு, அது மேடை என்றார்கள்.

ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தாவூது பாயைப் பார்த்தார். பாய்க்குக் கதை ஏற்கெனவே எட்டியிருந்தது. திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“சாப்பிடுறவனுக்கு வித்தா ஊர் முழுக்க வாய் இருக்கு வீரமலை. வாசலுக்கு வித்தா, ஊர்ல எத்தன வாசல் இருக்கு?”

வீடு திரும்பி வீரமலை தோட்டத்தைப் பார்த்தார். பார்க்கத் தோட்டம் இல்லை. அரை ஏக்கர் முழுவதும் குழி. முதலில் தார் வெட்டிய மரங்களின் கன்றுகளும் தோண்டலில் மிதிபட்டுப் போயிருந்தன. மூலையில் பின்பட்டத்தில் பிந்தி வைத்த பத்து மரம் மட்டும் நின்றது. பிரேமலதா வரப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒடிந்து கிடந்த ஒரு கன்றின் குருத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அவமானத்தில் அவர் குழிகளுக்கு நடுவில் போய் அழுதுவிட்டு வந்தார்.

மறுநாள் சுரேஷ்குமார் போன் செய்தார். மாவட்டத்தின் தலைசிறந்த சந்தை இணைப்பு விவசாயியாக வீரமலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விருது விழா வெள்ளிக்கிழமை. பத்து மரம் கொண்டு வர வேண்டும்.

தனக்குக் கொடுக்கும் விருதுக்குத் தானே மரம் கட்ட வேண்டியிருக்கிறதே என்று வீரமலை நினைத்தார். ஆனால் அந்தப் பத்து மரத்துக்கும் பழைய பாக்கிக்கும் சேர்த்து மேடையிலேயே செக் என்று சொன்னதால், கடைசி மரங்களையும் தோண்டி வியாழக்கிழமையே வாசலில் கொண்டு போய்க் கட்டினார். வெள்ளிக்கிழமை தலைமை விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை. திங்கள் என்றார்கள், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் அடுத்த வெள்ளிக்கிழமைதான் விழா நடந்தது. அதற்குள் அடித்த வெயிலில் வாசலில் கட்டியிருந்த தார்கள் ஒவ்வொன்றாகப் பழுத்து, மஞ்சள் மஞ்சேரென்று மணம் வீச ஆரம்பித்தன. ஆடு மாடு வராமல் செபஸ்தியான் தடியோடு காவல் இருந்தார். அந்த மையத்தில் பழம் பழுக்க வைத்த ஒரே இடம் அந்த வாசல்தான்.

விருது விழாவில் சால்வை போர்த்தினார்கள். பட்டுப்போல் மினுங்கும் சால்வை. கேடயம் கொடுத்தார்கள். செக் மட்டும் அட்டையில் செய்த பெரிய செக்காக இருந்தது. போட்டோ எடுத்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், வேறு ஊர் விழாவுக்கும் அதுதான் வேண்டுமாம். செந்தமிழன் மைக் முன் வந்து நின்றார்.

“ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் விவசாயியிடம் விளைபொருள் இருந்தது, சந்தை இல்லை. இன்று வீரமலை அவர்களைப் பாருங்கள். விற்காமல் தேங்கிய தார் அவரிடம் ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் ஒன்றுமே இல்லை. தேக்கம் பூஜ்யம். இதைத்தான் நாங்கள் சந்தைச் சமநிலை என்கிறோம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஒரு சீப்புப் பூவனுக்கு எழுபது ரூபாய் விவசாயியின் கைக்குக் கிடைத்தே தீர வேண்டும். அதில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கிறவன் விவசாயியின் இரத்தத்தை உறிஞ்சுகிறவன்.”

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. இந்த முறை வீரமலை தட்டவில்லை.

கீழே இறங்கியதும் நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனார். பழைய பாக்கி பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இந்தப் பத்து மரம்? ஆணை போன வெள்ளிக்கிழமை விழாவுக்குப் போட்டது, அந்த விழா நடக்கவில்லை, நடக்காத விழாவுக்கு அலங்காரச் செலவு எப்படிக் கொடுப்பது, இன்றைய விழாவுக்கு மரம் என்று ஆணையே கிடையாது என்று விளக்கினார்கள். அப்படியானால் அந்த மரங்கள் யாருடையவை என்று வீரமலை கேட்டார். உங்களுடையவைதான், சாயங்காலத்துக்குள் அப்புறப்படுத்திவிடுங்கள், வாசல் குப்பையாகிறது என்றார்கள்.

அந்த மூன்று மாதத்தில் மையம் அவரிடம் சொன்னவற்றில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். வீரமலை வாசலுக்கு வந்தார். செபஸ்தியானிடம் அரிவாள் வாங்கிப் பத்துத் தாரையும் இறக்கினார். தோளில் கிடந்த விருது சால்வையை எடுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் விரித்தார். அதன் மேல் சீப்பு சீப்பாக அறுத்து அடுக்கிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்து நின்றது ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஐயங்கார். ஸ்கூட்டர் எஞ்சினை அணைக்காமலே காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

“பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணணும். அடிபடாததா ஒரு சீப்பு குடுங்கோ. என்ன விலை?”

வீரமலை அரிவாளைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக வாழை போடுகிறார், விலையை மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். தானாக வாயைத் திறந்து ஒரு விலை சொன்னதே கிடையாது. காதில் இன்னும் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்த எழுபதைச் சொன்னார். ஐயங்கார் பழத்தை முகர்ந்து பார்த்தார், அறுபத்தைந்துக்குப் பேசினார், வாங்கிக்கொண்டு போனார். சமயபுரத்துக்கு வேனில் போகிறவர்கள் இறங்கிப் பத்துச் சீப்பு எடுத்தார்கள். டோல்கேட்டில் பஸ் மாறுகிற பெண்கள் வந்தார்கள். விழாவுக்கு வந்தவர்களும் சாப்பாடு முடித்து வந்து பேரம் பேசி வாங்கினார்கள். ஏழு வருடமாக நடக்காத விற்பனை ஒரு மணி நேரத்தில் நடந்து முடிந்தது, ஒருவரும் உரை நிகழ்த்தவில்லை.

கடைசியாக இரண்டு சீப்பு மிச்சம் இருக்கும்போது மையத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. சால்வை தோளில் இல்லாததால் செந்தமிழனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

“ஏம்ப்பா, அந்த ரெண்டு சீப்ப எடு. எவ்வளவு?”

“சீப்பு எழுபதுங்க.”

“எழுபதா? என்னய்யா ஆளப் பாத்து விலை சொல்றியா? காந்தி மார்க்கெட்ல முப்பதுக்குக் கிடைக்குது. முப்பதுன்னா குடு, இல்லன்னா வெச்சுக்க.”

“நீங்க மேடையில சொன்ன விலைதாங்க ஐயா.”

அப்போதுதான் இயக்குநர் முகத்தை நன்றாகப் பார்த்தார். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. தெரியாத மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னார்.

“வீரமலை, அது விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய விலைய்யா. நான் குடுக்க வேண்டிய விலை இல்ல.”

வீரமலை அந்த இரண்டு சீப்பையும் எடுத்துத் தன் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். இது பிரேமலதாவுக்கு, விற்பனைக்கு இல்லை என்றார். கார் கண்ணாடி ஏறியது. சால்வையை உதறி மடித்துக் கேடயத்தோடு சேர்த்துச் செபஸ்தியானிடம் கொடுத்தார். மையத்தில் இதைச் சேர்த்துவிடுங்கள், அடுத்த விழாவுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் அவர் மறுபடி அந்த வழியாக வந்தார். குழிகளுக்கு வைக்கத் தாவூது பாய் லாலாபேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கன்று சொல்லி வைத்திருந்தார், விளைந்ததும் தாரைத் தனக்குத்தான் போட வேண்டும், நூற்றுக்கு எட்டு கழிவு என்ற கறார் பேச்சோடு. எட்டு அநியாயம்தான். ஆனால் வெட்டிய தாருக்குக் கழிவு கேட்கிற ஆள் அவர், குழியைக் காட்டி வளர்ச்சி என்கிற ஆள் இல்லை. வீரமலை சரி என்று சொல்லியிருந்தார்.

பஸ் மையத்துக்கு எதிரே சிக்னலில் நின்றது. வாசலில் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை. அந்த மையத்தில் போட்டு ஒரே நாளில் நிறைவேறிய உத்தரவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ‘இவ்விடத்தில் வாழைப்பழம் விற்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இங்ஙனம், ஒருங்கிணைந்த வாழை உற்பத்தியாளர் சந்தை வாய்ப்பு மேம்பாட்டு மையம்.’

வீரமலை ஜன்னல் வழியாக அதை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். மையம் எழுதியதில் முதல் தடவையாக அவருக்கு எல்லாமே புரிந்தது.